ஷைன், க்ளோ, க்ளீம், க்ளிட்டர்: இங்கிலீஷ்ல ஒளிக்கு எதுக்கு இத்தனை வார்த்தை, எதை எங்க போடணும்?

இங்கிலீஷ்ல ஷைன், க்ளோ, க்ளீம், க்ளிட்டர், ஸ்பார்க்கிள், ஷிம்மர்னு ஏகப்பட்ட வார்த்தை இருக்கு, எந்த டிக்ஷனரிய திறந்தாலும் எல்லாத்துக்கும் மின்னு, ஒளிர், பிரகாசின்னுதான் போட்டிருக்கு, அப்போ எதை எங்க யூஸ் பண்றது, தங்கச் செயினுக்கு க்ளோ போடலாமா கூடாதான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு வேலையே நகைக்கடைக்கும் புடவைக்கடைக்கும் வெப்சைட்ல போட இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கிறதுதான், அதனால இந்த வார்த்தைங்களோடதான் தினமும் பொழுது போகுது. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. எதுல வெளிச்சம் ஜாஸ்தி, எதுல கம்மின்னு வரிசையா அடுக்கி மனப்பாடம் பண்ணப் பாக்காதீங்க. நிறைய பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க, அங்கேயே மாட்டிக்கிறாங்க. இங்கிலீஷ்காரங்க இந்த வார்த்தைங்களப் பிரிக்கிறது பெரும்பாலும் வெளிச்சத்தோட அளவ வச்சு இல்ல. அந்தப் பொருள் தானா ஒளி விடுதா இல்ல வேற வெளிச்சம் பட்டுத் திரும்புதா, ஒளி அசையாம நிக்குதா துள்ளுதா நடுங்குதா, அந்தப் பொருள் ஈரமா, வழவழப்பா, உலோகமா, துணியா, இதையெல்லாம் வச்சுத்தான் பிரிக்கிறாங்க. அதாவது வெளிச்சத்த விட்டுட்டு பொருளப் பாருங்க, பாதி குழப்பம் அங்கேயே தீந்துடும்.

ஷைன்தான் எல்லாத்துக்கும் பொது. சூரியன் ஷைன் பண்ணும், டார்ச் ஷைன் பண்ணும், துடைச்ச ஷூவும் ஷைன் பண்ணும், தானா வர்ற ஒளி, பட்டுத் திரும்புற ஒளி ரெண்டுக்கும் ஓடும். சந்தேகம் வந்தா ஷைன் போட்டுடலாம், தப்பாகாது, ஆனா படிக்கிறவங்களுக்குக் காட்சியும் வராது. இதுல கவனிக்க வேண்டியது இறந்தகாலம். சூரியன் தானா பிரகாசிச்சதுன்னா ஷோன், நாம ஒரு பொருளத் தேய்ச்சுப் பளபளப்பாக்கினோம்னா ஷைன்ட். கிரிக்கெட் பாக்கிறவங்களுக்கு இது சுலபமா நிக்கும்: பவுலர் பந்தோட ஒரு பக்கத்த மட்டும் பேன்ட்ல தேய்ச்சு தேய்ச்சு ஷைன் ஏத்துவாரு, அப்போதான் காத்துல ஸ்விங் ஆகும். அதுக்கு எச்சில் தொட்டுத் தேய்க்கிறத ஐசிசி 2020-ல கொரோனாவுக்காக நிறுத்தி, 2022 அக்டோபர்லேர்ந்து நிரந்தரமாவே தடை பண்ணிடுச்சு. அந்த பவுலர் பந்த என்ன பண்ணாருன்னு எழுதினா ஷைன்ட்தான், ஷோன் போட்டா தப்பு. உச்சரிப்புலயும் ஒரு வித்தியாசம் இருக்கு, அமெரிக்காவுல ஷோன்னு நீட்டுவாங்க, பிரிட்டன்ல ஷான்னு குறுக்கிச் சொல்வாங்க.

அடுத்து க்ளோ. இது உள்ளேர்ந்து வர்ற ஒளி, அசையாது, துள்ளாது, கண்ணக் குத்தாது, பெரும்பாலும் கொஞ்சம் வெதுவெதுப்பும் சேந்தே இருக்கும். விறகு எரிஞ்சு ஜுவாலை அடங்கினதுக்கு அப்புறம் அடுப்புல கங்கு கனன்னுக்கிட்டு கிடக்குமில்ல, அதுதான் க்ளோவோட அச்சு அசல். கொல்லன் பட்டறையில இரும்பக் காய வச்சா சுமார் 525 டிகிரி செல்சியஸ் பக்கம் இருட்டுல மங்கலா ஒரு சிவப்பு தெரிய ஆரம்பிக்கும். ஜான் வில்லியம் டிரேப்பர்னு ஒரு விஞ்ஞானி 1847-ல இதக் கண்டுபிடிச்சு எழுதினதால அதுக்கு டிரேப்பர் பாயின்ட்னே பேர் வந்துச்சு. அந்த நேரத்துல இரும்பு க்ளோ ஆகுதுன்னு சொல்லணும், ஷைன் ஆகுதுன்னு சொன்னா பாலிஷ் போட்ட இரும்புன்னு அர்த்தம் மாறிடும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் முகத்துல நல்லாத் தெரியும். மூஞ்சி க்ளோ ஆகுதுன்னா பாராட்டு, ஆரோக்கியம், சந்தோஷம், உள்ளேர்ந்து வர்ற களை. மூஞ்சி ஷைன் ஆகுதுன்னா எண்ணெய் வழியுதுன்னு அர்த்தம், அதக் குறைக்கத்தான் பவுடர் விக்கிறாங்க. அதே ஷைன் முடிக்குப் போனா பாராட்டாயிடும், ஷாம்பு விளம்பரத்துல எல்லாம் அதுதான். முடிக்கு யாரும் க்ளோ போட மாட்டாங்க, ஏன்னா முடிக்குள்ளேர்ந்து ஒளி வர்ற மாதிரி யாருக்கும் தோணாது.

அப்போ தங்கச் செயின்? கடை லைட்டுல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற செயினுக்கு க்ளீம் போடுங்க, இல்ல ஷைன் போடுங்க. ஆனா குத்துவிளக்கு வெளிச்சத்துல கழுத்துல கிடக்கிற பழைய 22 கேரட் சங்கிலின்னா க்ளோ தாராளமா போடலாம். நிஜத்துல தங்கம் ஒளி விடல, இருந்தாலும் அந்த மஞ்சள் நெறம் தானா ஒளி விடுற மாதிரியே கண்ணுக்குத் தெரியுது. வார்த்தைய முடிவு பண்றது பிசிக்ஸ் இல்ல, பாக்கிறவங்க கண்ணு. தங்கம், செம்பு, தேக்கு, செங்கல் சுவர் மாதிரி சூடான நெறம் உள்ளதெல்லாம் க்ளோ ஏத்துக்கும். வெள்ளி, ஸ்டீலுக்கு க்ளோ ஒட்டவே ஒட்டாது, அதுங்களுக்கு க்ளீமும் க்ளின்ட்டும்தான்.

இதுல ஒண்ணு கவனிச்சிருப்பீங்க, பாதி வார்த்தை 'க்ள'ன்னுதான் ஆரம்பிக்குது. தற்செயல் இல்ல. இங்கிலீஷ், ஜெர்மன், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாத்துக்கும் மூலமா மொழியியல்காரங்க கட்டி எழுப்பியிருக்கிற பழைய மொழியில ஒளி விடு, மஞ்சளா இருன்னு அர்த்தம் வர்ற ஒரு வேர் இருந்துச்சு, கோல்ட், யெல்லோ, க்ளோ, க்ளீம், க்ளிட்டர், கண்ணாடிக்குச் சொல்ற கிளாஸ் எல்லாம் அதுலேர்ந்து வந்ததாத்தான் சொல்றாங்க. சந்தோஷத்துக்குச் சொல்ற க்ளாட்கூட பழைய இங்கிலீஷ்ல பளபளன்னு இருக்கிறதத்தான் குறிச்சுது, அப்புறம்தான் மனசுக்கு மாறுச்சு. வேர் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரே சத்தத்துல ஆரம்பிக்கிற வார்த்தைங்க கூட்டமா ஒரே அர்த்தத்தச் சுத்தி நிக்கிறத 1930-ல ஜே. ஆர். ஃபர்த்ங்கிற பிரிட்டிஷ் மொழியியலாளர் கவனிச்சு அதுக்கு ஃபோனெஸ்தீம்னு பேர் வச்சாரு. 'க்ள' சத்தத்துக்கு ஒளி மட்டும் இல்ல, பார்வையும் சொந்தம்: க்ளான்ஸ், க்ளிம்ப்ஸ், முறைச்சுப் பாக்கிற க்ளேர். அதுக்காக 'க்ள' வந்தாலே ஒளின்னு நினைச்சுடாதீங்க, பசைக்குச் சொல்ற க்ளூவும் கையுறைக்குச் சொல்ற க்ளவ்வும் இதுல சேராது. க்ளாமர் இதுல சேரும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, ஆனா அது கிராமர்ங்கிற வார்த்தை ஸ்காட்லாந்துப் பக்கம் திரிஞ்சு வந்தது. இலக்கணம் படிச்சவனுக்கு மந்திரமும் தெரிஞ்சிருக்கும்னு அந்தக் காலத்துல நம்பினாங்க, மந்திரம்ங்கிற அர்த்தம் வந்து, அதுலேர்ந்து மயக்குற அழகுக்குப் போச்சு.

இப்போ க்ளீம், க்ளின்ட், க்ளிஸன் மூணையும் சேத்துப் பாப்போம், ஏன்னா இதுங்களத்தான் ஜனங்க அதிகமா மாத்திப் போடுறாங்க. க்ளீம்னா சுத்தமான, வழவழப்பான மேற்பரப்புல மென்மையா, நிலையா நிக்கிற ஒளி. புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவிக் கவுத்து வச்ச பித்தளைக் குடம், புதுசா வாட்டர் வாஷ் பண்ண கார், துடைச்ச டைல்ஸ் தரை. அதனாலதான் க்ளீம்ல சுத்தம்ங்கிற அர்த்தமும் ஒளிஞ்சிருக்கு, அழுக்குப் பாத்திரம் க்ளீம் ஆகாது. க்ளின்ட் இதுக்கு நேர் எதிர்: சின்னது, கூர்மையானது, ஒரு கண நேரம் வந்துட்டுப் போயிடும். கத்திய லேசாத் திருப்பும்போது அலகுல சட்னு ஒரு வெளிச்சம் ஓடுமே, மூக்குத்தி தலைய அசைக்கும்போது ஒரே ஒரு தடவ வெட்டுமே, அது க்ளின்ட். க்ளிஸன் ஈரத்துக்கு. பனித்துளி, வேர்வை, கண்ணீர், மழை நின்னதும் வாழையிலை, தாளிச்சு இறக்கின குழம்பு மேல மிதக்கிற எண்ணெய், இதெல்லாம் க்ளிஸன். எழுத்துல டி இருக்கும், வாயில வராது, க்ளிஸ்டன்னு சொல்லிடாதீங்க. ஓட்டப்பந்தயம் ஓடி முடிச்சவன் நெத்தி க்ளீம் ஆச்சுன்னு எழுதினா யாரோ துடைச்சு பாலிஷ் போட்ட மாதிரி இருக்கும், க்ளிஸன் போட்டாதான் வேர்வை தெரியும்.

க்ளிட்டரும் ஸ்பார்க்கிளும் ட்விங்க்கிளும் துள்ளுற கூட்டம். இங்க இங்கிலீஷோட ஒரு சின்ன ரகசியம் இருக்கு, தெரிஞ்சுக்கிட்டா ரொம்ப உதவும்: வார்த்தைக் கடைசியில அர் அல்லது இல் சத்தம் வந்தா பல இடத்துல திரும்பத் திரும்ப, சின்னச் சின்னதா நடக்குதுன்னு அர்த்தம். க்ளிட்டர், க்ளிம்மர், ஷிம்மர், ஃப்ளிக்கர், ஸ்பார்க்கிள், ட்விங்க்கிள். ஒளிக்கு வெளியவும் இப்படித்தான், சளசளன்னு பேசுறதுக்கு சாட்டர், இறக்கை படபடக்கிறதுக்கு ஃப்ளட்டர். தமிழ்ல நாம இதையே வார்த்தைய ரெட்டிச்சுச் செய்றோம், பளபள, மினுமினு, தகதக, ஜிலுஜிலு. ஒரு தடவ வந்துட்டுப் போற ஒளிக்கு நாம பளிச்னு சொல்வோம், பளபளன்னு சொல்ல மாட்டோம், அதே மாதிரி அவங்களும் ஒரு தடவைக்கு ஃப்ளாஷ், க்ளின்ட், ஸ்பார்க்னு வால் இல்லாத வார்த்தையப் போடுறாங்க. ஸ்பார்க்னா ஒரு பொறி, அதுக்கு வால் ஒட்டினா ஸ்பார்க்கிள், பொறி பொறியா வந்துக்கிட்டே இருக்கிறது.

இதுல க்ளிட்டருக்கும் ஸ்பார்க்கிளுக்கும் வெளிச்சத்துல பெருசா வித்தியாசம் கிடையாது, குணத்துலதான். ஸ்பார்க்கிள்ல உயிர் இருக்கு, துறுதுறுப்பு இருக்கு, அதனாலதான் கலகலப்பான பேச்சுக்கும் குமிழி வர்ற சோடாத் தண்ணிக்கும் ஸ்பார்க்லிங்னு சொல்றாங்க. க்ளிட்டர்ல பகட்டு இருக்கு, கொஞ்சம் குளிர்ச்சியும் இருக்கு, வெளிய மினுக்கி உள்ள ஒண்ணும் இல்லைங்கிற சந்தேகமும் சேந்துக்கும். மின்னுவதெல்லாம் பொன்னல்லன்னு நாம சொல்றதுக்கு அவங்க க்ளிட்டர்தான் போடுறாங்க, இருந்தாலும் ஷேக்ஸ்பியரோட வெனிஸ் வணிகன் நாடகத்துல தங்கப் பேழைய திறக்கிற மொராக்கோ இளவரசனுக்குக் கிடைக்கிற ஓலையில இருக்கிறது க்ளிஸ்டர்ஸ்னு ஒரு பழைய வார்த்தை, அது வழக்கொழிஞ்சு போனதால ஜனங்க வாயில க்ளிட்டர்ஸ்னு மாறிடுச்சு. வைரத்த விக்கிற விளம்பரத்துல க்ளிட்டர் அவ்வளவா பாக்க முடியாது, ஸ்பார்க்கிள்தான். வைரக்காரங்க இதையும் பிரிச்சுப் பேசுவாங்க: கல்லுக்குள்ள போன வெள்ளை ஒளி எவ்வளவு திரும்பி வருதுங்கிறது பிரில்லியன்ஸ், அது வானவில் நெறமா உடைஞ்சு தெரியிறது ஃபயர், கல்லு அசையும்போது பொறி தெறிக்கிறது சின்டிலேஷன். மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல பட்டை எந்தக் கோணத்துல வெட்டினா இந்த பிரில்லியன்ஸும் ஃபயரும் ஒண்ணா நல்லா வரும்னு கணக்குப் போட்டு எழுதினாரு, இன்னைக்கும் ரவுண்ட் கட் வைரத்துக்குப் பேச்சு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும்.

ட்விங்க்கிள் நட்சத்திரத்தோட சொத்து. நட்சத்திரம் அவ்வளவு தூரத்துல இருக்கிறதால நமக்கு ஒரு புள்ளியாத்தான் தெரியுது, அந்தப் புள்ளியிலேர்ந்து வர்ற ஒளி சூடும் குளிருமா கலந்து அலையிற காத்துல மாறி மாறி வளையுது, அதான் விட்டு விட்டுத் தெரியுது. வியாழனும் வெள்ளியும் பக்கத்துல இருக்கிறதால சின்ன வட்டம், ஒரு ஓரம் மங்கினா இன்னொரு ஓரம் சமாளிச்சுடும், அதனால அதுங்க ட்விங்க்கிள் ஆகாது, ஷைன் ஆகும். வானத்துல கிரகத்தக் கண்டுபிடிக்க இதுவே ஒரு வழி. ட்விங்க்கிள்ங்கிற வார்த்தைக்கு ஒரு காலத்துல கண் சிமிட்டுறதுன்னே அர்த்தம் இருந்துச்சு. 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல கண்ணோட ட்விங்க்லிங்ல எல்லாம் மாறிடும்னு கொரிந்தியர் நிருபத்துல வரும், தமிழ் பைபிள்ல அதே இடத்துல இமைப்பொழுதுன்னு இருக்கு. நாமளும் நட்சத்திரம் கண் சிமிட்டுதுன்னுதானே குழந்தைக்குக் காட்டுறோம், ரெண்டு மொழிக்காரங்களும் தனித்தனியா வானத்தப் பாத்து ஒரே விஷயத்தச் சொல்லியிருக்காங்கன்னு நினைச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

ஷிம்மர்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வார்த்தை. இது புள்ளி புள்ளியா துள்ளாது, ஒரு பரப்பு முழுக்க மெல்ல நெளியும், அலை அலையா நடுங்கும். மே மாசம் மத்தியானம் ஹைவேஸ்ல தூரத்துல தார் ரோட்டுக்கு மேல காத்து தண்ணி மாதிரி நெளியுமே, அது ஷிம்மர். நிலா வெளிச்சத்துல குளம் ஷிம்மர். புடவைக்கடைக்கு எழுதும்போது டபுள் ஷேடு பட்டுக்கு நான் இததான் போடுவேன்: மயில் கழுத்து கலர்ல பாவு ஒரு நெறம், ஊடை ஒரு நெறம், மடிப்ப அசைக்க அசைக்க நீலம் பச்சையாகும் பச்சை நீலமாகும், அந்த நகர்ற ஒளிக்கு வேற எந்த வார்த்தையும் சரியா உக்காராது. ஒரே நெறப் பட்டா இருந்தா ஷீன். பட்டு நூலோட குறுக்குவெட்டு முக்கோணமா இருக்கும், வெளிச்சம் பட்டா ஒரு மாதிரி பாலிஷா திரும்பி வரும், அந்த மேலோட்டமான மெல்லிய பளபளப்புதான் ஷீன். சாட்டின் துணிக்கும் ஷீன், ஆரோக்கியமான குதிரை முதுகுக்கும் ஷீன். ஷைனும் ஷீனும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனா ஷீனோட மூலம் அழகானதுன்னு அர்த்தம் வர்ற ஒரு பழைய வார்த்தை, ஜெர்மன்ல அழகுக்குச் சொல்ற ஷோன்கூட அதோட உறவுதான். பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி பேர் ஒத்துப்போனதால ஷைனோட அர்த்தம் இதுலயும் ஒட்டிக்கிச்சு.

ஷிம்மருக்கும் க்ளிட்டருக்கும் வித்தியாசம் தொட்டுப் பாக்கணும்னா மேக்கப் பாக்ஸ திறங்க. ஐ ஷேடோவுல மேட், சாட்டின், ஷிம்மர், க்ளிட்டர்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. ஷிம்மர்ல போடுறது பொடிப்பொடியா அரைச்ச மைக்கா, துகள் தனியா கண்ணுக்குத் தெரியாது, இமை முழுக்க ஒரே மாதிரி ஒளி படரும். க்ளிட்டர்ல துகள் பெருசு, ஒவ்வொண்ணும் தனித்தனியா வெட்டும். அந்த க்ளிட்டர் பொடி பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனாலதான் ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபர்லேர்ந்து உதிரியா விக்கிற பிளாஸ்டிக் க்ளிட்டருக்குத் தடை போட்டாங்க.

முத்துக்கு வேற வார்த்தை, லஸ்டர். முத்துல ஒளி மேற்பரப்புல மட்டும் பட்டுத் திரும்பல, மெல்லிசு மெல்லிசா அடுக்கின பல படலத்துக்குள்ள போய்ப் போய்த் திரும்புது, அதனால ஆழத்துலேர்ந்து வர்ற மாதிரி தெரியும். நம்ம ஊர் நகைக்காரங்க கல்லப் பாத்து நீரோட்டம் நல்லா இருக்குன்னு சொல்வாங்களே, கிட்டத்தட்ட அதுதான். இங்கிலீஷ்லயும் உசத்தியான வைரத்த முதல் தண்ணின்னு சொல்ற வழக்கம் ஒண்ணு உண்டு. லஸ்டர் இல்லாதது லாக்லஸ்டர். மேட்ச் சொதப்பினா கமென்ட்ரியில லாக்லஸ்டர் பெர்ஃபார்மன்ஸ்னு சொல்வாங்க, களையே இல்லாத ஆட்டம்னு அர்த்தம்.

ஒரே காட்சிக்குத் தூரத்தப் பொறுத்து வார்த்தை மாறும், அதுக்கு 2019 ஆகஸ்ட்ல சென்னைக் கடற்கரையில ராத்திரி அலை நீலமா ஒளிர்ந்தத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. நாக்டிலூக்கா சின்டிலான்ஸ்னு ஒத்தை செல் உயிரி, தண்ணி கலங்கினா ஒளி விடும், ஒவ்வொண்ணும் விடுறது ஒரு நொடிகூட நிக்காத ஃப்ளாஷ். கரையில நின்னு பாத்தா லட்சக்கணக்கானது சேந்து அலையோட முகடு முழுக்க க்ளோ ஆகுற மாதிரி தெரியும், இறங்கித் தண்ணிய கையால அளைஞ்சா விரலச் சுத்தி ஸ்பார்க்கிள் ஆகும். பேர் வச்சவங்களும் ரெண்டையும் விடல, லத்தீன்ல அந்தப் பேருக்கு அர்த்தம் ராத்திரி விளக்கு, பொறி பறக்கிறது. மின்மினியிலயும் இதே கதை. பிரிட்டன்ல இருக்கிற வகையில இறக்கை இல்லாத பெண் பூச்சி புல்லுல உக்காந்து விடாம ஒளி விட்டுக்கிட்டே இருக்கும், அதுக்குப் பேர் க்ளோ வோர்ம். அமெரிக்காவுல பறக்கிறது விட்டு விட்டு வெட்டும், அத லைட்னிங் பக்னு மின்னலோட பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க.

மங்கலான ஒளிக்கு ரெண்டு வார்த்தை முக்கியம். க்ளிம்மர்னா பலவீனமா, இருக்கா இல்லையான்னு தெரியிற ஒளி, கரன்ட் போன ராத்திரியில வயலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீட்டு விளக்கு. அதனாலதான் க்ளிம்மர் ஆஃப் ஹோப்னு சொல்றாங்க, நம்பிக்கை இருக்கு, ஆனா அணைஞ்சும் போகலாம். ரே ஆஃப் ஹோப்னா கொஞ்சம் தெளிவு, ஒரு கீற்று உறுதியா உள்ள வந்துடுச்சு. ஃப்ளிக்கர்னா ஒளி கூடிக் குறைஞ்சு நடுங்குறது, காத்துல மெழுகுவத்தி, ஸ்டார்டர் போன டியூப் லைட்டு. இந்த வார்த்தை முதல்ல பறவை சிறகடிக்கிறதுக்குத்தான் இருந்துச்சு. பழைய சோக் வச்ச டியூப் லைட்டு நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்ல நொடிக்கு 100 தடவ ஃப்ளிக்கர் ஆகிட்டேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவ நீட்டினா கோடு கோடா ஓடும்.

பலமான ஒளியில ஃப்ளாஷ் பத்தி விளக்க ஒண்ணும் இல்ல, கேமராவுலேர்ந்து எல்லாருக்கும் தெரியும். ஃப்ளேர்னா திடீர்னு பொங்கி விரியிறது, அடுப்புல எண்ணெய் பட்டா எழும்புற தீ, சூரியன்ல வெடிக்கிற சோலார் ஃப்ளேர். ப்ளேஸ்னா பெருசா நின்னு எரியிறது. க்ளேர்னா கண்ணுக்குத் தொல்லை, ராத்திரி எதிர்ல வர்ற லாரியோட ஹெட்லைட், கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல விழுற ஜன்னல் வெளிச்சம், கண்ணாடிக்கு ஆன்ட்டி க்ளேர் கோட்டிங் போடச் சொல்றது இதுக்குத்தான். கண்ணக் குத்துற மாதிரி தெரியிற தப்புக்கு க்ளேரிங் மிஸ்டேக்னு பேர். டாஸில்லயும் கண்ணு கூசும், ஆனா அதுல பிரமிப்பு இருக்கு, அழகப் பாத்து திக்குமுக்காடுறது. அந்த லாரி லைட்டுக்கு டாஸில் ஓடும், ஆனா சிரிப்புக்கு டாஸ்லிங்னு சொல்லலாம், க்ளேரிங்னு சொல்லவே கூடாது. முதல் உலகப்போர்ல, 1917-ல, நார்மன் வில்கின்சன்னு ஒரு பிரிட்டிஷ் ஓவியர் யோசனை சொல்லி கப்பலுக்கெல்லாம் கோணல்மாணலா கறுப்பு வெள்ளைப் பட்டை அடிச்சாங்க, டாஸில் கேமஃப்ளாஜ்னு பேர், கப்பல மறைக்க இல்ல, அது எந்தப் பக்கம் போகுதுன்னு நீர்மூழ்கிக்காரனக் குழப்ப. திகைக்க வைக்கிறதுங்கிற அர்த்தம் அதுல அப்படியே இருக்கு.

பீம்னா நேரா ஒரு தூண் மாதிரி போற ஒளி, டார்ச், லைட்ஹவுஸ், வண்டியில ஹை பீம். வீடு கட்டும்போது கான்கிரீட் பீம் போடுறோமே, அதே வார்த்தைதான். பழைய இங்கிலீஷ்ல பீம்னா மரம், அப்புறம் மரத்துலேர்ந்து எடுத்த உத்திரம், ஒளித்தூண்ங்கிற லத்தீன் சொல்ல மொழிபெயர்க்கப் போய் வெளிச்சத்துக்கும் வந்திருக்கணும்னு சொல்றாங்க. முகம் முழுக்க மலர்ந்து சிரிக்கிறவங்களுக்கும் பீமிங்னு போடலாம்.

கடைசியா கண்ணு. எழுதிப் பழகணும்னா "அவர் கண்ணு" அப்படின்னு ஒரே வாக்கியத்த வச்சுக்கிட்டு வினைச்சொல்ல மட்டும் மாத்திப் பாருங்க. ஷோன்னா சந்தோஷம். ஸ்பார்க்கிள்னா உற்சாகம், துறுதுறுப்பு. ட்விங்க்கிள்னா குறும்பு, பேரனக் கேலி பண்ற தாத்தாவோட கண்ணு. க்ளிஸன்னா கண்ணுல தண்ணி கட்டியிருக்கு, இன்னும் வழியல. க்ளீம்னா மனசுக்குள்ள ஒரு திட்டம் ஓடுது, ஆசையோ பேராசையோ. க்ளின்ட்னா கல்நெஞ்சம், ஏதோ பண்ணப் போறாருன்னு ஒரு எச்சரிக்கை. க்ளிட்டர்னா காய்ச்சலோ கோபமோ வெறியோ. க்ளோ ஆச்சுன்னா பாசம், இல்ல பேய்க்கதையில இருட்டுல தெரியிற மிருகம். ஃப்ளாஷ்னா சட்னு வந்த கோபம், க்ளேர்னா முறைப்பு. கதாநாயகன் கண்ணுல க்ளின்ட்னு எழுதிட்டு அடுத்த வரியில அவன் அன்பா பேசினான்னு எழுதினா இங்கிலீஷ் வாசகருக்கு எங்கேயோ இடிக்கும், ஏன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியாது.

தெசாரஸ்ல போய் ஷைனுக்குப் பதில் வேற வார்த்தை தேடுறத விட்டுடுங்க, அது எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிக் குடுக்கும். லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு கேட்டு வாங்குங்க, ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் ரெண்டுலயும் இருக்கு, இணையத்துலயும் இலவசமா பாக்கலாம், அதுல வினைச்சொல்லோட உதாரண வாக்கியத்துல எந்தப் பொருள் வருதுன்னு மட்டும் பாருங்க. இன்னும் நல்லது கொலொகேஷன் டிக்ஷனரி, அதுல க்ளின்ட்னு தேடாம கண்ணுக்குச் சொல்ற ஐஸ்னு தேடுங்க, முடிக்குச் சொல்ற ஹேர்னு தேடுங்க, அந்தந்தப் பொருளோட எந்தெந்த ஒளி வார்த்தை சேரும்னு பக்கத்துலயே போட்டிருப்பாங்க.